இன்னும் ஒரு தட்டு: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், மாவட்டச் சுற்றுச்சூழல் ஆய்வகங்களில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். ஆற்றுத் தண்ணீரில் மருந்துக்கு அடங்காத கிருமி எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் மாதா மாதம் எண்ண வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். சிறுநீர், சளி, ரத்தம், சீழ் என்று வருவதையெல்லாம் தட்டில் பூசி, இரவு முழுக்க 37 டிகிரி சூட்டில் வைத்து, காலையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அப்புறம் முளைத்த கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, அதன் மேல் மருந்து தோய்த்த காகித வட்டுகளை வைப்போம். ஒவ்வொரு வட்டும் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும், சட்டைப் பொத்தானை விடச் சின்னது. மருந்துக்குக் கிருமி அடங்கினால் வட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிந்த வளையம் விழும். அடங்காவிட்டால் வட்டின் விளிம்பு வரைக்கும் கிருமி ஏறி நிற்கும். வளையத்தை ஸ்கேலால் அளந்து, ரிப்போர்ட்டில் மருந்துக்கு எதிரே 'எஸ்' என்றோ 'ஆர்' என்றோ எழுதுவோம். 'எஸ்' என்றால் மருந்து கேட்கும். 'ஆர்' என்றால் கேட்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தட்டில் ஆறு வட்டு வைத்தால் நாலைந்து வளையமாவது பளிச்சென்று விழும். இப்போது ஆறில் ஒன்றுதான் விழுகிறது என்கிற தட்டு அபூர்வமாகத் தெரிவதில்லை. இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்கப் பெரிய மருத்துவமனைகளில் இருந்து திரட்டும் கணக்கைப் பாருங்கள். ஈ.கோலை என்கிற சாதாரணக் குடல் கிருமியில், இமிபெனம் என்ற கடைசி வரிசை மருந்துக்கு அடங்குபவை 2017ல் 81 சதவீதம் இருந்தன. 2023ல் அது 63 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வழக்கமான மருந்துகள் கேட்காதபோதுதான் டாக்டர்கள் இமிபெனத்தை எடுப்பார்கள்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியவர், மதுரைக்குக் கிழக்கே ஆற்றோரக் கிராமம் ஒன்றில் இருந்து வந்திருந்தார். நீர்க்கடுப்பு. சிறுநீர் கல்ச்சரில் ஈ.கோலை வந்தது, அதுவும் ஈ.எஸ்.பி.எல். வகை. பென்சிலின் குடும்பத்து மருந்துகளையும், செபோடாக்சைம் மாதிரி வழக்கமாகப் போடும் ஊசி மருந்துகளையும் வெட்டிப் போடும் நொதியைச் சுரக்கிற கிருமி அது. வாய்வழி மாத்திரை எதற்கும் வளையம் விழவில்லை. சாதாரண நீர்க்கடுப்புக்கு அவரை ஏழு நாள் படுக்க வைத்து ஊசி போட வேண்டியதாயிற்று. அவர் இதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை. காய்ச்சல் என்றால் கசாயம் குடிக்கிறவர். ரிப்போர்ட்டை வாங்க மகனோடு வந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார்: "ஆஸ்பத்திரிக்காரவுகளுக்கு வர்ற கிருமின்னு டாக்டரு சொல்றாரு. எனக்கு எங்கிட்டு இருந்து வந்துச்சு தாயி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மறந்துபோன ஏதோ ஒரு மாத்திரையால் இருக்கலாம். பேரனிடம் இருந்து வந்திருக்கலாம். கோழிக்கறி வெட்டிய பலகையில் இருந்து வந்திருக்கலாம். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் இருந்தும் வந்திருக்கலாம். ஆறுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தும் மனிதரும் மருத்துவமனையும் சம்பந்தப்பட்ட மற்ற வழிகளைப் பற்றி எங்களிடம் கொஞ்சமாவது கணக்கு இருக்கிறது. தண்ணீர் வழியைப் பற்றி மட்டும், மாதா மாதம் எடுத்துப் பார்க்கிற கணக்கு என்று ஒன்று எங்கள் கைக்கு வருவதில்லை. அந்தக் கணக்கை எடுக்கக்கூடிய ஆட்களும் பாட்டில்களும் ஆய்வகமும் உங்களிடம்தான் இருக்கின்றன.

அதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் விரகனூர் மதகணைப் பக்கம் போயிருந்தபோது தண்ணீர் மாதிரி எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். கயிறு கட்டிய வாளி, ஐஸ் பெட்டி, காகிதம் சுற்றிக் கிருமி நீக்கிய கண்ணாடி பாட்டில். ஒருவர் ஆக்சிஜன் பார்க்கும் சின்ன பாட்டிலில் தண்ணீரைக் குமிழி இல்லாமல் நிரப்பி, அங்கேயே இரண்டு மருந்தைச் சொட்டு விட்டு மூடித் தலைகீழாக ஆட்டினார். உள்ளே பழுப்பு நிறத்தில் மெதுவாகப் படிவு இறங்கியது. அவ்வளவு பக்குவமாகச் செய்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும், "தள்ளி நில்லுங்க மேடம், பாசி வழுக்கும்" என்றார். நானும் ஆய்வகத்துக்காரிதான் என்று சொன்னதும் முகம் மலர்ந்து பேச ஆரம்பித்தார். "பி.ஓ.டி., ஆக்சிஜன், உப்பு எல்லாம் பார்ப்போம். கோலிபார்மும் பார்ப்போம்." பி.ஓ.டி. என்பது தண்ணீரில் இருக்கும் அழுக்கைச் சிதைக்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்கிற அளவு. கோலிபார்ம் என்பது ஈ.கோலையும் சேர்ந்த ஒரு கிருமிக் கூட்டம்.

"கோலிபார்ம் முளைத்த பிறகு அதில் மருந்து எதற்காவது அடங்குமா என்று பார்ப்பீர்களா?" என்று கேட்டேன்.

"அது லிஸ்ட்டில் இல்லையே மேடம்" என்றார்.

அந்த லிஸ்ட்டில் ஒரு வரி சேருங்கள் என்பதுதான் இந்த மடல்.

நீங்கள் ஏற்கெனவே செய்கிறதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் பலருக்கு அது தெரியாது. ஆற்றுத் தண்ணீரைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று நீர்க்கச் செய்து, வரிசை வரிசையாகக் குழாய்களில் ஊற்றுவீர்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கவிழ்த்து வைத்த குட்டிக் குழாய் ஒன்று இருக்கும். கிருமி முளைத்து வாயு விட்டால் குட்டிக் குழாயின் தலையில் குமிழி ஏறும். 44.5 டிகிரியிலும் வாயு வந்தால் மலத்தில் இருந்து வந்த கோலிபார்ம் என்று கணக்கு. எத்தனை குழாயில் குமிழி என்பதை அட்டவணையில் பார்த்து, 100 மில்லிலிட்டருக்கு இத்தனை என்று எழுதுவீர்கள். குளிக்கத் தக்க நீரில் இது 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500க்கு மேல் போகக் கூடாது என்பது சட்ட அளவு. இந்த எண்ணை வைத்துத்தான் ஆற்றில் கழிவுநீர் எவ்வளவு கலக்கிறது என்று சொல்கிறோம்.

இந்த எண் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், எப்படிப்பட்ட கிருமி என்று சொல்லாது. நூறு கோலிபார்மில் இரண்டு மருந்துக்கு அடங்காதவை என்றாலும் அதே எண், அறுபது அடங்காதவை என்றாலும் அதே எண். சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போட்டு மொத்த எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம். மிஞ்சியவற்றில் அடங்காதவற்றின் பங்கு கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். ரிப்போர்ட்டைப் பார்த்து அதைச் சொல்ல வழியே இல்லை.

நான் கேட்கிற வேலை இதுதான். அதே பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்து, நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு வழியே வடிகட்டுங்கள். கிருமியெல்லாம் சவ்வின் மேல் தங்கும். அந்தச் சவ்வை ஈ.கோலை மட்டும் நீலப்பச்சைப் புள்ளியாகத் தெரிகிற தட்டில் வையுங்கள். இன்னொரு சவ்வை அதே ஊடகத்தில், அதாவது கிருமி முளைக்கத் தட்டில் ஊற்றும் உணவுக் கூழில், மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் செபோடாக்சைம் கலந்த தட்டில் வையுங்கள். மறுநாள் காலையில் இரண்டிலும் நீலப்பச்சைப் புள்ளிகளை எண்ணுங்கள். முதல் தட்டில் ஆற்றில் இருக்கும் ஈ.கோலை எல்லாம் இருக்கும். இரண்டாவதில் மருந்தைத் தாங்கிக்கொண்டவை மட்டும் இருக்கும். இரண்டாவதை முதலால் வகுத்தால் கிடைக்கும் பங்குதான் நமக்கு வேண்டிய எண். சந்தேகமான புள்ளிகளை மட்டும் எடுத்து, நான் தினமும் செய்கிற வட்டுச் சோதனை ஒன்றைப் போட்டால் ஈ.எஸ்.பி.எல். என்று உறுதியாகிவிடும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட மூன்று சக்கர நெறிமுறையின் சாரம் இதுதான். மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றிலும் ஒரே கிருமியை, ஒரே முறையில் எண்ணுங்கள், அப்போதுதான் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்பது அதன் யோசனை. சுற்றுச்சூழல் சக்கரத்துக்கு ஊருக்கு மேல் ஆறு, ஊருக்குக் கீழ் ஆறு, ஊர்க் கழிவுநீர், கோழி வெட்டும் சந்தையின் கழிவுநீர் என்று நான்கு இடம் சொல்கிறார்கள். விலை உயர்ந்த மரபணு இயந்திரம் எதையும் கேட்கவில்லை. சாதாரண ஆய்வகத்தால் செய்ய முடிய வேண்டும் என்று நினைத்தே உருவாக்கியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு அதுதான் பிடித்தது. நம் மாவட்ட ஆய்வகத்தை மனதில் வைத்து எழுதியது போல இருந்தது.

நாம் எண்ணாமல் விட்டால் வேறு யாராவது வந்து எண்ணுவார்கள் என்பதை நம் நாடு ஒரு முறை பார்த்துவிட்டது. 2010ல் என்.டி.எம்-1 என்கிற நொதியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இமிபெனம் சேர்ந்த கார்பாபெனம் வகை மருந்தையே செல்லாக்காசாக்கும் நொதி அது. பெயரில் இருக்கும் 'என்.டி.' நியூ டெல்லியைக் குறிக்கிறது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் இருந்து மட்டும் 44 கிருமிகள் இருந்தன. அந்த நொதிக்கு டெல்லியின் பெயரை வைத்தது பற்றி நாடே கொதித்தது. அடுத்த வருடம், 2011ல், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரையும் குழாய் நீரையும் சோதித்து வெளியிட்டார்கள். தேங்கிய நீர் மாதிரிகள் 171ல் 51லும், குழாய் நீர் மாதிரிகள் 50ல் 2லும் அந்த நொதியைச் செய்யும் மரபணு இருந்தது. காலராக் கிருமியிலும் அது ஏறியிருந்தது.

அந்த ஆய்வில் இன்னொன்று இருக்கிறது. அதைப் படித்த நாளில் இருந்து எனக்கு மறக்கவில்லை. இந்த மரபணு பிளாஸ்மிட் என்கிற சின்ன வளையத்தில் இருக்கிறது. ஒரு கிருமி தன் பக்கத்தில் இருக்கும் கிருமிக்கு அதைக் கைமாற்றிவிடும், இனம் வேறாக இருந்தாலும் சரி. இந்தக் கைமாற்றம் அதிகமாக நடந்தது 37 டிகிரி உடம்புச் சூட்டில் இல்லை, 30 டிகிரியில். பங்குனி, சித்திரையில் வைகையில் கால் வைத்துப் பாருங்கள். அந்த வெதுவெதுப்புதான் அது.

சித்திரை என்றதும் சொல்லிவிடுகிறேன். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளுக்காக வைகை அணையில் இருந்து தண்ணீர் திறப்பார்கள். தோல் பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுகிற பக்தர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் அண்ணன் மகனுக்கு நேர்த்திக்கடனாக அவனும் போன வருடம் பீய்ச்சினான். அந்தத் தண்ணீர் முகத்தில் வழியும், வாயில் படும். ஊருக்கு மேற்கே துவரிமான் பக்கம் வருகிற தண்ணீர் ஒரு மாதிரி இருக்கும். செல்லூரில் பந்தல்குடி வாய்க்கால் வந்து சேர்ந்த பிறகு வேறு மாதிரி இருக்கும், அது மூக்குக்கே தெரியும். அந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலையின் பங்கு எத்தனை மடங்கு ஏறுகிறது? ஐந்து லட்சம் பேரோ பத்து லட்சம் பேரோ கூடுகிற ஆற்றில், திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் மாநகராட்சி எந்த வாய்க்காலை முதலில் அடைக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

ஆலைக் கழிவைப் பற்றி நான் பேசாமல் விட்டால் பாதிதான் பேசியதாகும். 2007ல் ஹைதராபாத் பக்கத்தில் இருக்கிற பட்டஞ்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் வெளியேற்றத்தை ஸ்வீடனைச் சேர்ந்த யோவாக்கிம் லார்சன் குழுவினர் சோதித்தார்கள். சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் சிப்ரோபிளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. நான் நோயாளிக்கு 'எஸ்' போட்டு அனுப்புகிற மருந்து அது. அதைச் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் ஏறுகிற அளவை விடப் பல மடங்கு அதிகம். ஒரே நாளில் சுமார் 45 கிலோ சிப்ரோபிளாக்சசின் அந்த ஓடையில் போனதாகக் கணக்கிட்டார்கள். ஸ்வீடன் நாடு முழுதும் ஐந்து நாளில் சாப்பிடுகிற அளவு அது.

அது தெலங்கானா கதை, நமக்கு என்ன என்று விட முடியாது. நம்மிடமும் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலத்தூரில் மருந்து ஆலைகளுக்கென்றே தொழிற்பேட்டை இருக்கிறது, கடலூர் சிப்காட்டிலும் மருந்து ஆலைகள் உண்டு. அங்கே இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று சொல்ல ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். 2020 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மருந்து ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு வரம்பு வைத்து வரைவு வெளியிட்டது. உலகத்திலேயே அப்படி ஒன்று வரப்போகிறது என்று எங்கள் துறையில் எல்லோரும் பேசிக்கொண்டோம். 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமே ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. நாமோ வரைவோடு நிற்கிறோம்.

ஒன்றிய அரசு வரம்பு வைக்கும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் கழிவுநீருக்கான அளவுகோலை வகுக்கும் அதிகாரத்தை மாநில வாரியத்துக்கே தந்திருக்கிறது. ஒன்றிய அளவை விடக் கடுமையாக வைக்கலாம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. திருப்பூரை நினைத்துப் பாருங்கள். நொய்யல் நிறம் மாறி ஓடியபோது, சாயக் கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை நடக்கவே நடக்காது என்றார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எத்தனையோ குடும்பம் கஷ்டப்பட்டது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கழிவை முழுக்க மீட்டெடுக்கிற தொழில்நுட்பத்தை நாட்டுக்கே காட்டியது அந்த ஊர்தான்.

சரி, இதைப் பேசும்போதெல்லாம் என் காதில் விழுகிற மறுப்புகளுக்கு வருகிறேன்.

"வரம்பே இல்லாத ஒன்றை அளந்து என்ன செய்ய?" அளக்காமல் வரம்பு வைக்க முடியாது என்பதுதான் என் பதில். எந்த ஆற்றில் எவ்வளவு என்று மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால்தான், எது வழக்கம், எது ஏற்றம் என்று சொல்ல முடியும்.

"அளந்தால் மக்கள் பயந்துவிடுவார்கள்." இதை ஒரு அதிகாரி என்னிடம் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். போலியோவை நினைத்துப் பாருங்கள் என்றேன். மும்பையில் 2001ல் இருந்து சாக்கடைத் தண்ணீரில் போலியோ வைரஸைத் தேடுகிறார்கள். 2014ல் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்த பிறகும் அந்தத் தேடல் நிற்கவில்லை. 2022ல் லண்டனிலேயே சாக்கடையில்தான் முதலில் தட்டுப்பட்டது, அதை வைத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஓடினார்கள். சாக்கடையைச் சோதிக்கிறோம் என்று யாரும் ஊரை விட்டு ஓடவில்லை.

"ஆள் இல்லை, பணம் இல்லை." இது நிஜமான மறுப்பு, இதற்கு நான் சாமர்த்தியமாகப் பதில் சொல்லப் போவதில்லை. மாவட்ட ஆய்வகங்களில் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், எங்கள் ஆய்வகத்திலும் மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம். அதனால்தான் எல்லா இடத்திலும் தொடங்குங்கள் என்று கேட்கவில்லை. ஆன்டிபயாடிக் எச்சத்தை அளக்கும் பெரிய இயந்திரத்தை முதல் வருடமே வாங்குங்கள் என்றும் கேட்கவில்லை. அது தேவைதான், ஆலத்தூர் மாதிரி இடங்களுக்கு அது இல்லாமல் ஆகாது, ஆனால் அது இரண்டாவது படி. முதல் படிக்குத் தேவை சவ்வு வடிகட்டி, ஊடகப் பொடி, ஒரு குப்பி செபோடாக்சைம், தட்டு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளும், மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்த ஒரு ஈ.கோலை, அப்புறம் ஒரு வாரப் பயிற்சி.

எங்கே தொடங்கலாம் என்று நான் நினைப்பதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். வைகையில் மதுரைக்கு மேலும் கீழும். தாமிரபரணியில் திருநெல்வேலிக்கு மேலும் கீழும், ஏனென்றால் தூத்துக்குடி வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். சென்னையில் கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போகும் நீரும் வெளியே வரும் நீரும். அங்கே சுத்திகரித்த நீரை மறுபடி சுத்திகரித்து ஆலைகளுக்குத் தருகிறார்கள், இனி இப்படி மறுபயன்பாடு கூடத்தான் போகிறது. ஆகவே எந்தப் படியில் எவ்வளவு கிருமி நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆலத்தூர் பேட்டையின் வெளியேற்றம் ஒன்று. பெரிய மருத்துவமனை ஒன்றின் கழிவுநீர்க் குழாய், அது எங்கள் மருத்துவமனையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். திரவக் கழிவைச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. சுத்திகரித்தோமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, காட்ட எங்களுக்குக் கடமை உண்டு.

கோழிப் பண்ணைகளை நான் மறக்கவில்லை. நாமக்கல்லின் கோழி எரு எந்த மாவட்டத்து வயலுக்கெல்லாம் போகிறது என்று லாரி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோலிஸ்டின் என்கிற எங்கள் கடைசி ஆயுதத்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் ஒன்றிய அரசு தடை செய்தது நல்ல காரியம். தடைக்குப் பிறகு எருவிலும் மழை வடிந்த ஓடையிலும் என்ன மாறியது என்று பார்த்தால் தடை வேலை செய்கிறதா என்று தெரியும். இறாலும் அப்படித்தான். இந்தியாவில் இருந்து போகிற வளர்ப்பு இறால் சரக்குகளில் 50 சதவீதத்தை மருந்து எச்சத்துக்காகச் சோதிப்போம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் முடிவெடுத்தது. அவர்கள் தட்டுக்குப் போகும் இறாலை அத்தனை கவனமாகப் பார்க்கிறார்கள். நாகப்பட்டினத்தில் குட்டையை வடித்த தண்ணீர் போய்ச் சேரும் உப்பனாற்றில் இறங்கி நண்டு பிடிக்கிற நம் ஆட்களுக்காகவும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் இல்லையா?

எண்கள் கிடைத்தால் தயவுசெய்து அவற்றைக் கோப்பில் பூட்டாதீர்கள். பி.ஓ.டி., ஆக்சிஜன் கணக்கு வெளியாகும் பட்டியலிலேயே ஒரு பத்தியாகச் சேருங்கள், 'செபோடாக்சைம் தாங்கிய ஈ.கோலை, சதவீதம்' என்று. எங்கள் மாவட்டத்து டாக்டர்கள் அந்தப் பத்தியை மாதா மாதம் படிப்பார்கள், அதற்கு நான் பொறுப்பு. கேரளம் 2018லேயே மாநிலத்துக்கென்று தனிச் செயல்திட்டம் போட்டு இந்த வேலையில் முன்னால் போய்விட்டது. தேசியச் செயல்திட்டம் 2017ல் வந்தபோதே மனிதர், கால்நடை, உணவு, சுற்றுச்சூழல் எல்லாவற்றிலும் கண்காணிப்பு வேண்டும் என்றுதான் எழுதினார்கள். இந்தப் பிரச்சினைக்கு இந்தியாவில் மருத்துவர் சங்கங்கள் முதன்முதலில் ஒன்றுகூடிப் போட்ட திட்டத்தின் பெயரே 'சென்னைப் பிரகடனம்', 2012ல். அந்தப் பெயரைத் தாங்கிய மாநிலம் இதில் பின்னால் நிற்பது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆய்வக நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செபோடாக்சைம் தட்டு ஊற்றும்போது ஊடகம் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு மருந்தைக் கலக்குங்கள், சூட்டில் கலந்தால் மருந்து கெட்டு, எல்லாக் கிருமியும் முளைத்துவிடும். ஊற்றிய தட்டை ரொம்ப நாள் வைத்திருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டு ஈ.கோலையை மருந்துத் தட்டில் தடவி, அது முளைக்கவில்லை என்று பார்த்த பிறகே மற்றதை எண்ணுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரியை அன்றைக்கே போட்டுவிடுங்கள். இதெல்லாம் நாங்கள் தப்புப் பண்ணித் தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்டது.

பயிற்சி கொடுக்க நான் வருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு டியூட்டி இல்லை. காசு எதுவும் வேண்டாம். என்னோடு வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் ஆட்கள் விரகனூருக்கு வரும்போது ஒரு பாட்டில் கூடுதலாக எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் இரண்டு தட்டையும் அவர்களுடைய ஆய்வகத்திலேயே, அவர்கள் கையாலேயே போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து எண்ணலாம். அந்த அம்மாவின் கைப்பேசி எண் என் டைரியில் இருக்கிறது. தெரிந்தால் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையில் இருந்து,
ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்